வீட்டுக்காரர்

எங்கள் முதுகலைப் பாடத்தில் நூறாண்டு பழைய நாவல் ஒன்று இருந்தது. ஆற்றங்கரை நகரம் ஒன்றில் ஒரு வக்கீல், அவர் மனைவி, எதிர்வீட்டுக்குக் குடிவரும் சர்வேயர் என்று மூன்றே பேரை நம்பி எழுதப்பட்ட கதை. மனைவி சர்வேயரோடு போய்விடுகிறாள். சில வருடங்களில் காய்ச்சல் கண்டு இறந்துபோகிறாள். அதன்பின் நாவல் முழுவதும் வக்கீலின் துக்கம்தான். சர்வேயர் ஒரே வாக்கியத்தில் ஊரைவிட்டு அகற்றப்படுகிறான். நூலாசிரியர் வக்கீலை எப்போதும் ‘அவர்’ என்கிறார். சர்வேயரை எப்போதும் ‘அவன்’ என்கிறார். முதல் அத்தியாயத்தில், குற்றம் எதுவும் நடப்பதற்கு முன்பே, அவன் ‘அவன்’தான்.

இந்நாவலில் இரக்கத்துக்கு மிகவும் உரியவர் யார் என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதி வாசிக்கச் சொன்னார் எங்கள் பேராசிரியை. வகுப்பில் பெரும்பாலோர் மனைவியை எடுத்துக்கொண்டார்கள். அது எதிர்பார்க்கக்கூடியதே, வக்கீல் அவளிடம் பேசும் இடங்கள் புத்தகத்தில் மிகவும் குறைவு. நான் வக்கீலை எடுத்துக்கொண்டேன். மனைவி போன பிறகும் அவள் கொடியில் போட்டிருந்த ஈரப் புடவையை மடித்து வைக்கும் மனிதரைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருந்தது.

பெயர்களைக் குறித்துக்கொண்ட பேராசிரியை, “சர்வேயருக்கு யாரும் வக்காலத்து வாங்கலையா?” என்று கேட்டார்.

“இன்னா மேம், அவனுக்கு ஒரு பேர்கூட வெக்கல ரைட்டரு,” என்றான் கடைசி வரிசையிலிருந்து ஒருவன். “பேரே இல்லாதவனுக்கு எப்டி மேம் ஆஜராவுறது?”

“கேஸ் தள்ளுபடி மச்சி,” என்றான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன். வகுப்பு சிரித்தது. பேராசிரியையும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

வக்கீலை நான் தேர்ந்தெடுத்ததன் காரணம் அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது என் அம்மா வீட்டைவிட்டுப் போனாள். அப்பா கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியர். அவர் கத்தவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை, அம்மாவைப் பற்றி என்னிடம் ஒரு தவறான வார்த்தை சொல்லவில்லை. மயிலாப்பூர் வீட்டில் காலையில் எனக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதை அவிழ்க்காமல் பள்ளிக்கூடம் போவேன்.

அம்மா போனது அடையாறுக்கு. பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். அவள் சேர்ந்து வாழ்ந்தவர் தி. நகரில் ஒரு மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். புடவைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி விற்கும் சின்னக் கடை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் உறவினர்களுக்கு அவர் ‘ஜாக்கெட் பிட்காரன்’. அந்தப் பெயரைச் சொல்லும்போது என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணா, வேண்டுமென்றே ஒரு சிரிப்பை உள்ளே வைத்துச் சொல்லுவார். அவரை மாமா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை பாண்டி பஜாரில் ஒரு ஓட்டலில் சந்திப்பேன். அவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். “வாம்மா, நல்லா இருக்கியா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பனகல் பார்க் பக்கம் போய்விடுவார். நாங்கள் பேசி முடிக்கும்வரை அங்கே உட்கார்ந்திருப்பார் என்று அம்மா சொல்வாள்.

தமிழ் இலக்கணத்தில் எட்டாம் வேற்றுமை விளி. ஒருவரைக் கூப்பிடுவதற்கென்றே ஒரு வேற்றுமை. நம்மிடம் கூப்பிடுவதற்குச் சொற்களும் ஏராளம். ஆட்டோ ஓட்டுபவர் அண்ணா, பூக்காரி அக்கா, அப்பாவின் நண்பர் யாராக இருந்தாலும் மாமா. அவரை அழைக்க மட்டும் என்னிடம் எந்தச் சொல்லும் இல்லை. மாமா என்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகம்போல் இருந்தது. அங்கிள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ‘நீங்கள்’ என்ற சொல்லைக்கூடத் தவிர்த்தேன். “வந்தாச்சா?”, “சாப்பிட்டாச்சா?”, “வண்டி ரிப்பேர் பண்ணியாச்சா?” என்று, செய்பவர் எவரும் இல்லாமல் செயல் மட்டும் நடந்துவிட்டதைப்போலக் கேட்பதற்குத் தமிழ் மிக வசதியான மொழி. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. கேட்ட கேள்விக்கு “ஆச்சும்மா” என்பார்.

கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாதத்தில் அம்மாவிடம் நாவலின் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அவள் அடை தோசையைப் பிட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“நீ யார் பக்கம்?”

“வக்கீல்.”

“வேற யாரைச் சொல்லப் போறே,” என்றாள். குரலில் வருத்தம் இல்லை. கொஞ்ச நேரம் வெல்லத்தைத் தொட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அவ செத்தப்புறம் அந்த சர்வேயர் எங்கடி போனான்?” என்றாள்.

“புத்தகத்துல இல்லை.”

“அன்னிக்கு அவனுக்கு யார் சாதம் போட்டா?”

“அம்மா, அது புத்தகத்துலயே இல்லைன்னு சொல்றேனே.”

“எழுதினவருக்குத் தோணலை பாரு,” என்றாள். பிறகு எனக்கு ஒரு காபி சொன்னாள்.

அதற்கு அடுத்த சந்திப்பு நடக்கவில்லை. ஒரு புதன்கிழமைக் காலையில் அவருடைய எண்ணிலிருந்து எனக்கு முதன்முறையாக அழைப்பு வந்தது. அம்மா குளித்துவிட்டு வந்து தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையின் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. அம்மாவின் ஈரத்தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

“ஆதார் கார்டு கேக்காங்கம்மா. எடுத்துட்டு வந்திருதேன்,” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரில் போனார். நான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் சொன்னேன். மாமா உடனே வந்துவிட்டார். வந்தவர் தங்கை என்று கையெழுத்துப் போட்டு, வண்டி ஏற்பாடு செய்து, உடலை வாங்கிவிட்டார். அடையாறுக்கு எடுத்துப் போகலாமா என்று நான் கேட்கத் தொடங்கியபோதே அவர் முகம் மாறியது.

“சுமங்கலியா போயிருக்கா. புருஷன் ஆத்துலேர்ந்துதான் போகணும். உங்கப்பாட்ட பேசிட்டேன். அந்த ஜாக்கெட் பிட்காரன் தெருப்பக்கம் வந்தான்னா நடக்கறதே வேற, சொல்லிட்டேன்.”

அப்படித்தான் அம்மா இத்தனை வருடம் கழித்து மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மாமாவின் மனைவியான மாமியும் மற்றப் பெண்களும் அவளைக் குளிப்பாட்டி, அரக்குப் புடவை கட்டி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தார்கள். அப்பா கூடத்தின் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் கையைக் கொடுத்தார். அவர் அழுதது உண்மையான அழுகை. அதை நான் இங்கே குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

மதியம் என் கைபேசி அடித்தது. “கார்டோட ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எடுத்துட்டுப் போயாச்சுன்னு சொல்லுதாங்க,” என்றார். அவர் குரலுக்குப் பின்னால் வாகனங்களின் இரைச்சல். “நான் அங்க வரக் கூடாதுன்னு தெரியும்மா. ஒரே ஒரு தடவ முகத்தப் பாத்துட்டுப் போயிருதேன். உங்க ஆளுங்க வேண்டாம்னா தெருவுல நின்னு பாத்துக்கிடுதேன்.”

தெருவிலிருந்து பார்த்தால் கூடம் தெரியாது. எங்கள் வீடு தெற்கு மாடவீதியை ஒட்டிய சந்தில், ஒரு அடுக்ககத்தின் தரைத்தளம். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நடை உண்டு. “வரலாம்,” என்று சொன்னேன். மாமா கூடத்தில்தான் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கூட்டர் வந்து சேர்வதற்கு ஆகும் நேரத்தில் ஏதாவது வழி தோன்றும் என்று நினைத்தேன்.

எதுவும் தோன்றவில்லை. அவர் வாசலில் வந்து நின்றபோது கையில் அந்த அட்டை இருந்தது. வேறொரு சட்டை மாற்றியிருந்தார், வெள்ளை. நான் நடைவரை போய் அழைத்து வந்தேன். கூடத்துக்குள் கால் வைத்ததும் மாடி வீட்டு மாமி, பூக்களைத் தொடுத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து என்னிடம் கேட்டாள்:

“இவர் யாருடி?”

எல்லோரும் திரும்பினார்கள். மாமாவும் திரும்பினார்.

எங்கள் வீட்டுப் பேச்சில் கணவனுக்கு ஆத்துக்காரர் என்பார்கள். அந்தச் சொல்லை நான் அங்கே சொல்ல முடியாது. அம்மாவின் ஆத்துக்காரர் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நண்பர் என்றால் கூடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் புரிந்துவிடும், அதுவும் கேவலமான விதத்தில். பொய் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. என் கல்லூரியில், என் தோழிகளின் வீடுகளில், ஊர் முழுவதும் பெண்கள் சொல்லும் சொல் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னேன்.

“அம்மாவோட வீட்டுக்காரர்.”

அவர் சட்டென்று தலை தூக்கி என்னைப் பார்த்தார். அவருடைய ஊர்ப் பேச்சில் பெண்ணைச் சேர்த்துச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். அத்தனை வருடங்களில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அவரை அப்படிச் சொன்னது அது ஒன்றே. அவர் உதடு அசைந்தது.

“ஓ, அடையார்ல இவ குடியிருந்தாளே, அந்த ஆத்து ஓனரா?” என்றாள் மாடி வீட்டு மாமி.

எங்கள் வீடுகளில் வீட்டுக்காரர் என்றால் வீட்டின் சொந்தக்காரர். வாடகை வாங்குபவர். இது எனக்குத் தெரியாததல்ல; பேசும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்:

“ஆமாங்கம்மா. கார்டு வீட்டுல இருந்துச்சு. தேவப்படும்னு கொண்டாந்தேன்.”

அடையாறில் அவர்களும் வாடகைக்குத்தான் இருந்தார்கள். அவருக்கு இந்த நகரத்தில் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது.

மாமாவின் முகம் தெளிந்தது. எழுந்து வந்து அட்டையை வாங்கிக்கொண்டார். அதில் கணவர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்ததைப் பார்த்து, திருப்தியோடு சட்டைப் பையில் வைத்தார். “ரொம்ப உபகாரம் சார். மயானத்துல இதைத்தான் முதல்ல கேப்பான். இந்தக் காலத்துல எந்த ஓனர் சார் இவ்வளவு தூரம் வருவா?”

“நல்ல மனுஷங்க சார் அவங்க,” என்றார் அவர்.

“சாமானெல்லாம் அடுத்த வாரம் வந்து எடுத்துண்டுடறோம். உங்களுக்கும் வீட்டைக் காலி பண்ணித் தரணுமோல்லியோ.”

“மெதுவா எடுங்க சார். அவசரம் ஒண்ணும் இல்ல.”

அப்பா இருந்த இடத்திலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவை அந்த மேட்சிங் சென்டருக்கு முதலில் கூட்டிப் போனவரே அப்பாதான். ஏதோ கல்யாணத்துக்கு, மாம்பழ நிறப் புடவைக்குத் துணி தேடி. ஆகவே அவருக்கு முகம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமா மற்றதைப் பார்த்துக்கொள்வார். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“முகத்தைப் பார்த்துக்கோங்கோ,” என்றார்.

அவர் அம்மாவின் கால்பக்கம் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, கடையில் பெரிய வாடிக்கையாளர் முன்னால் நிற்பதுபோல நின்றார். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் குடியிருந்தவளின் முகத்தை எவ்வளவு நேரம் பார்க்கலாம்? கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அவர் மிகவும் கணக்காகச் செலவழித்தார் என்று எனக்குத் தோன்றியது. முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். பிறகு மீண்டும் முகம். அழவில்லை. கண்ணை ஒருமுறைகூடத் துடைக்கவில்லை. பின்னால் ஒரு அடி நகர்ந்து, சுவரோடு நின்றுகொண்டார்.

கிளம்பும் முன் வாய்க்கரிசி போடச் சொன்னார் சாஸ்திரிகள். உறவைச் சொல்லித்தான் கூப்பிடுவார். “பொண்ணு வாம்மா. மன்னி வாங்கோ. மன்னி பொண் எங்கே?” ஒவ்வொருவராகப் போய் அரிசி போட்டோம். கடைசியில் சாஸ்திரிகள் கூடத்தை ஒருமுறை பார்த்து, “வேற உறவு யாராவது பாக்கி இருக்கேளா?” என்று கேட்டார். சுவரோரம் இருந்தவரின் கை கொஞ்சம் உயர்ந்தது. அதை அவரே மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார். “யாரும் இல்லை, ஆகட்டும்,” என்றார் மாமா.

நாவலில் இந்தக் காட்சி இல்லை. வக்கீலின் பக்கம் நின்று நான் எழுதிய கட்டுரையில் இருக்க வாய்ப்பே இல்லை. அப்பாவுக்கான என் இரக்கத்தில் நான் அன்று எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. நெருப்புச் சட்டியோடு அவர் வாசற்படி இறங்கியபோது அவருடைய முதுகைப் பார்க்க முடியாமல் நான்தான் வேறு பக்கம் திரும்பினேன். ஆனால் இரக்கம் என்பதை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும் பொருளாகவே நாங்கள் எல்லோரும், வகுப்பிலும் வீட்டிலும், நினைத்துவந்திருக்கிறோம். அந்தக் கூடத்தில் அது அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. இரண்டு பேருமே ஒரே பெண்ணை இழந்திருந்தார்கள். ஒருவருக்கு நாற்காலி கிடைத்தது.

வாசலில் வேன் நின்றது. ஆண்கள் ஏறினார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அவர் ஏறுவதற்காகக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபோது, மாமா மிகவும் மரியாதையாக அவர் தோளைத் தொட்டார்.

“நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்? வந்ததே பெரிசு. கிளம்புங்கோ, உங்களுக்கும் வேலை இருக்கும்.”

“இல்ல சார், வாரேன். பரவால்ல.”

“வேண்டாம் சார். குடும்பத்து மனுஷா போனாப் போறும்.”

உள்ளே வந்து முகம் பார்க்க எந்தச் சொல் உதவியதோ அதே சொல்தான் அவரை அங்கே இறக்கிவிட்டது. மறுத்துப் பேச ஒரு வீட்டு ஓனருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? கைப்பிடியை விட்டார். வேனுக்குள்ளிருந்து அப்பா அவரைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கதவு சாத்தப்பட்டது.

வேன் சந்துமுனையில் ஒரு காய்கறி வண்டிக்காக நின்று, பிறகு திரும்பியது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட உள்ளே போனார்கள். நானும் அவரும் தெருவில் நின்றோம். அவர் ஸ்கூட்டர் வரை போனார். சாவியைப் போட்டார். பிறகு சாவியை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஒண்ணு கேக்கணும்மா. தப்பா நினைக்காத.”

சொல்லும்படி தலையசைத்தேன்.

“எங்க பக்கம் பதினாறு நாள் தீட்டு. உங்கள்ல பத்துன்னு அவ சொல்லுவா. எனக்கு உண்டாம்மா? நாளைக்குக் கடையத் திறக்கலாமா, கோயிலுக்குப் போலாமா, ஒண்ணும் தெரியல. எங்க வீட்டுல எங்கிட்ட யாரும் பேசுறதில்ல. யாரக் கேக்கன்னும் தெரியல.”

தீட்டு உறவைப் பொறுத்தது. மணமாகாத மகளுக்குப் பத்து நாள். கணவனுக்குப் பத்து. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டால் முடிந்தது. சட்டப்படியும் சாஸ்திரப்படியும் அவருக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்டார்.

“உண்டு,” என்றேன்.

“பத்தா, பதினாறா?”

“உங்க வழக்கம் எதுவோ அப்படியே இருங்கோ. பதினாறு நாள்.”

“அப்ப கடையத் திறக்கக் கூடாது.”

“கூடாது.”

“கோயிலுக்கும் போகக் கூடாது.”

“கூடாது.”

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்பவரைப்போல. பிறகு ஸ்கூட்டரிடம் போய், சீட்டின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, அந்தக் கைகளில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தமாகவே அழுதார். அயர்ன் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். எதிர் அடுக்ககத்தின் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

“தெருவுல என்னடி நிக்கறே? உள்ள வந்து குளி,” என்று மாமி கூப்பிட்டாள்.

“வரேன் மாமி,” என்றேன். ஆனால் போகவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.